புழலுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர்



என்னிடம் படித்த ஒருவன் இப்போது புழல் சிறையில் இருக்கிறான். பெயர் வேண்டாம். அவன் அம்மாவை அம்பத்தூர் மார்க்கெட்டில் பார்த்தேன். "மனு போட்டுப் பார்த்துட்டு வரேன் டீச்சர். சொந்தக்காரங்க ஒருத்தரும் ஒரு வரி எழுதுறதில்ல" என்றார். அன்றே இன்லேண்ட் லெட்டர் வாங்கி எழுதினேன். விலை 2.50 ரூபாய்தான்.

"கைதிக்குப் போய்க் கடிதமா?" என்று வீட்டில் கேட்டார்கள். குற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நம் நாட்டுச் சிறைகளில் சுமார் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் ஒருநாள் நம் தெருவுக்குத்தான் திரும்புவார்கள். எந்த மனதோடு திரும்ப வேண்டும் என்பதே என் கேள்வி.

பேரறிவாளனை நினைத்துப் பாருங்கள். வழக்கு நடந்தது நம் பூந்தமல்லியில்தான். 19 வயதில் கைதானவர், சிறையிலிருந்தே பிளஸ் டூ எழுதித் தேறினார். 2022 மே 18-ல் விடுதலையானார். 31 ஆண்டுகள் அற்புதம்மாள் மகனுக்காக அலைந்தார். எல்லோருக்கும் அப்படி ஓர் அம்மா அமைவதில்லை.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் எழுதுங்கள். அதிகாரிகள் படித்த பிறகே கடிதம் கைக்குப் போகும். வழக்கைப் பற்றி எழுத வேண்டாம். பணம் தருவதாகவும் சொல்ல வேண்டாம். மழை, ஏரி, பழைய வகுப்பு, இவை போதும்.

அவன் பதில் போட்டான்: "டீச்சர், பிழை இருந்தா திருத்துங்க." நான்கு பிழை. அடுத்த கடிதத்தில் திருத்தி எழுதியிருக்கிறேன்.