‘நாம்’ என்னும் ஆற்றல்



ஏழை நாடு எதனால் உயரும் என்று கேட்டால், “திட்டம் வேண்டும், இயந்திரம் வேண்டும், வெளிநாட்டுப் பணம் வேண்டும்” என்று விரல்விட்டு எண்ணுவோர் பலர். மக்கள் வேண்டும் என்பதோ, அவர்தம் பட்டியலில் இடம் பெறுவதே இல்லை! அத்தகையோர் மேற்கு ஆப்பிரிக்காவின் யாத்தெங்கா வட்டாரத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

பிரெஞ்சு ஆதிக்கத்தினின்று 1960-இல் விடுபட்டு, 1984-இல் புர்க்கினா பாசோ எனப் பெயர் பூண்ட நாட்டின் வறண்ட வடபகுதி அது. அங்கே 1962 முதல் 1965 வரை பேரியந்திரங்கள் உருண்டன. மண்ணரிப்பைத் தடுக்க, ஏறத்தாழ 3 இலட்சம் ஏக்கரில் வரப்புகள் எழுந்தன. உழுபவனை ஒரு சொல் கேட்டனரா? இல்லை! கேளாமல் எழுப்பிய வரப்பை அவன் தனதெனக் கொள்ளவில்லை, பேணவுமில்லை. வரப்புகள் கரைந்தன, செலவழித்த பணமும் கரைந்தது.

அதே மண்ணில் 1967-இல் பெர்னார் லெதேயா வெத்ராவோகோ என்னும் கல்வியாளர், மோசி மக்களின் பழைய இளைஞர் கூட்டு வழக்கத்துக்குப் புத்துயிர் ஊட்டினார். ‘நாம்’ குழுக்கள் பிறந்தன. கிணறு வெட்டினர்; தானியக் களஞ்சியம் அமைத்தனர்; கல்வரிசை அடுக்கி மழைநீரைத் தேக்கினர். ‘நாம்’ என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் அதிகாரம் என்று பொருள். நம் மொழியில் அதன் பொருளை நாமறிவோம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அரசியல் பாடம் முழுதும் அதில் அடங்கிவிடும்!

தனி மனிதன் ஆற்றலுக்கும் அங்கே சான்றுண்டு. யாக்கூபா சவதோகோ என்ற உழவர், 1980-ஐ ஒட்டிய வறட்சிக் காலத்தில், கோடையிலேயே நிலத்தைக் குழி குழியாகக் கொத்தி எருவிட்டார். முன்னோர் கண்ட முறைதான். குழியை அகலமாக்கினார், ஆழமாக்கினார். எருவை நாடிவந்த கறையான் மண்ணைத் துளைத்தது, மழைநீர் உள்ளிறங்கியது. ஊரார் பித்தனென்று நகைத்தனர். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீ வைத்தோரும் உண்டு. அவர் தளரவில்லை. பாறையென இறுகிய நிலத்தில் கம்பும் சோளமும் விளைந்தன. 60-க்கும் மேற்பட்ட வகை மரஞ்செடிகள் கொண்ட காடே எழுந்தது! கற்றதை ஒளிக்காமல் அண்டை ஊராரை அழைத்துக் காட்டினார்; விதைகளைப் பரிமாறிக்கொள்ளச் சந்தை கூட்டினார்.

உலகம் 2018-இலும் 2020-இலும் அவருக்கு விருதளித்தது. உள்நாட்டில் நடந்ததென்ன? நகரம் விரிந்தது, அவர் வளர்த்த காட்டையே வீட்டுமனைகளாக அளந்தனர்! ஆக்கியவனுக்கே நிலத்தின்மீது உரிமைச்சீட்டு இல்லை. 2023-இல் அவர் மறைந்தார்.

உதவியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ‘நாம்’ குழுக்களும் வெளியுதவி பெற்றவைதாம். ஆனால், எது தேவை என்று முடிவு செய்தவர்கள் ஊர் மக்கள். அந்த வேறுபாட்டில்தான் கரைந்த வரப்பும் வளர்ந்த காடும் பிரிகின்றன.

எனவே, ஆட்சியாளரின் முதற்கடமை பாராட்டுப் பத்திரம் வழங்குவதன்று. உழைப்பவன் காலடி மண்ணை அவனுக்கு உறுதியாக்குவது. மண்வெட்டி ஏந்திய கை அதிகாரத்தில் பங்கு கேட்கிறது. அது பிச்சையன்று, தோழர்களே, உரிமை!