யாரால் விற்கப்பட்டது?

ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்றதும் பிள்ளைகள் மிரள்கிறார்கள். தமிழில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று படித்தோமே, அதேதான். 'அப்பா பால்மரத்தைச் சீவினார்' செய்வினை. 'பால்மரம் அப்பாவால் சீவப்பட்டது' செயப்பாட்டுவினை. (தோட்டத்தில் 'மரம் வெட்டினார்' என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர் மரத்தையே சாய்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்!) மலாயில் 'மெனோரே' என்பது 'டிதோரே' ஆகும்.

தமிழில் 'படு', மலாயில் 'டி' சேர்த்தால் ஒரே சொல்லில் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் முடியாது. 'தி ட்ரீ வாஸ் டேப்ட்' என்று 'வாஸ்' தேவை. 'இஸ் டேப்ட்', 'வாஸ் டேப்ட்', 'வில் பி டேப்ட்' எனக் காலத்தைக் காட்டுவது முன்னால் வரும் சொல்தான், 'டேப்ட்' மாறாது. மலாயில் யோசித்து எழுதுபவர்கள் இந்த 'வாஸ்'ஐ விட்டுவிட்டு, 'தி லெட்டர் சென்ட் எஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறார்கள்.

இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் பாசிவ் வாய்சுக்கு இன்னொரு குணம் உண்டு: 'பை' போட்டுச் செய்தவரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

சிரம்பான், நீலாய், செண்டாயான் பக்கம் ரப்பரும் செம்பனையுமாக இருந்த நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். தோட்டம் கைமாறும்போது வரும் ஆங்கில நோட்டீஸ் எப்படி இருக்கும்? 'தி எஸ்டேட் ஹேஸ் பீன் சோல்ட்.' தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. 'யுவர் சர்வீசஸ் வில் பி டெர்மினேட்டட்.' உங்கள் வேலை முடிவுக்குக் கொண்டுவரப்படும். 'தி குவார்ட்டர்ஸ் மஸ்ட் பி வேகேட்டட்.' வீடு காலி செய்யப்பட வேண்டும். முதல் இரண்டில் மறைந்திருப்பது முதலாளி. மூன்றாவதில் மறைந்திருப்பது நீங்கள்!

'யாரால்?' என்ற கேள்விக்குப் பண மதிப்பு உண்டு. வேலை நீக்கச் சலுகைகள் பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தோட்டம் கைமாறிய 7 நாளுக்குள், பழையதைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தருவதாகப் புதிய முதலாளி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சலுகைத் தொகைக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். ஆகவே பதில் கடிதத்தில் செய்வினையில் கேளுங்கள்: 'ஹூ வில் பே தி பெனிஃபிட்ஸ்?' யார் கொடுப்பார்?

பாசிவ் வாய்ஸ் எப்போதும் கெட்டதல்ல. அலுவலகத்தில் 'தி ஃபைல் வாஸ் டெலீட்டட்' என்றால் யாரையும் குத்திக்காட்டாமல் விஷயம் போய்ச் சேரும். வேலை விண்ணப்பத்தில் மட்டும் வேண்டாம். அங்கே செய்தவர் நீங்கள் என்று தெரிய வேண்டும். 'ஐ ட்ரெய்ன்ட் டென் வொர்க்கர்ஸ்' என்றே எழுதுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: மேலே உள்ள மூன்று நோட்டீஸ் வாக்கியங்களையும் செய்வினையாக மாற்றுங்கள். முதல் இரண்டுக்கும் எழுவாய் நோட்டீசில் கிடைக்காது. நீங்களே தேடிப் போட வேண்டும்.