கடதாசியைப் படம் பிடிப்போம், பிறர் கையில் கொடுக்க மாட்டோம்

ஊழியர் சேமலாப நிதி கேட்கப் போனாலும், காணி அலுவலாகப் போனாலும், பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதென்றாலும் இன்று எங்கள் காதில் விழும் சொல் ஒன்றுதான்: "எல்லாத்தையும் பிடிஎவ் ஆக்கி மின்னஞ்சலிலை அனுப்புங்கோ." பளைத் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிக்கும் தோழருக்கும், பனை ஏறி இறங்கும் தோழருக்கும் இது புதுச் சுமை. வீட்டில் படிக்கிற பிள்ளை கைத்தொலைபேசியில் அடையாள அட்டையைப் படமெடுக்கிறது. இணையத்தில் தேடி முதலில் வருகிற இலவசத் தளத்தில் அதை ஏற்றுகிறது. அரை நிமிடத்தில் பிடிஎவ் கிடைக்கிறது. அலுவல் முடிந்தது என்று நாங்களும் நிம்மதி அடைகிறோம்.

அந்த அரை நிமிடத்தில் நடப்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இப்படியான தளங்கள் பெரும்பாலானவற்றில் படம் எங்கள் போனுக்குள்ளேயே மாற்றப்படுவதில்லை. எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு கணினிக்குப் போய், அங்கே மாறித் திரும்புகிறது. அங்கே ஒரு பிரதி தங்கிவிட்டதா, அதை யார் பார்த்தார்கள் என்று அறிய எங்களுக்கு வழியில்லை. எங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. அதோடு வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கமும் சேர்ந்தால், ஏமாற்றுக்காரருக்கு வேறென்ன வேண்டும்? 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எவ்.பி.ஐ. டென்வர் அலுவலகம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லும் சில தளங்கள், கணினிக்குள் தீய மென்பொருளை நுழைப்பதாகவும், ஏற்றப்படும் கோப்புகளிலிருந்து அடையாள, வங்கி விபரங்களைத் திருடுவதாகவும் அது கூறியது.

அப்படியென்றால் பத்திரங்களைப் படம் பிடிக்காமலே விட்டுவிடலாமா? விடக் கூடாது. கடதாசி இல்லாததால் பட்ட அடியை எங்களைவிட அறிந்தவர் யார்? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதுபோலக் காட்டியது. 1946 ஜனவரி 1 க்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. லயக் காம்பராவில் பிறந்து லயக் காம்பராவிலேயே மூப்படைந்த மனிதரிடம் அதற்கு என்ன பத்திரம் இருந்திருக்கும்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். 2003 ஆம் ஆண்டின் சட்டம்கூட, 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வசித்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையுமே குறிப்பிட்டது. அதனால் பாட்டன் பாட்டியின் பழைய கடதாசி ஒன்று இன்னமும் பேரப்பிள்ளையின் உரிமைக்குச் சாட்சியாகலாம்.

கடதாசி எவ்வளவு எளிதில் அழியும் என்பதைக் குடாநாடும் கண்டிருக்கிறது. 1981 ஜூன் 1 இல் யாழ். பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரு பையோடு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு, அந்தப் பைக்குள் எதை வைத்தோம், எதை விட்டோம் என்பது இன்றும் நினைவிருக்கும். இந்த இழப்புகளின் பின்னர்தான், 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி பிடிஎவ் கோப்புகளாகச் சேர்த்து வருகிறது. மலையக வெளியீடுகளும் அங்கே உண்டு. ஊர் நூலகத்துக்குச் செய்வதை எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் செய்யலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நூல்கள் எல்லோருக்கும் உரியவை, வீட்டுப் பத்திரங்கள் அந்த வீட்டுக்கு மட்டுமே உரியவை.

செய்யும் முறை கடினமானதல்ல. பத்திரத்தை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் நேர் மேலிருந்து படமெடுங்கள். மங்கலான படத்தை பிடிஎவ் ஆக்கினால் மங்கலான பிடிஎவ்தான் வரும். அன்ட்ரொயிட் போனில் படத்தைத் திறந்து "பிரின்ற்" என்பதை அழுத்தி, அச்சுப்பொறிக்குப் பதிலாக "சேவ் அஸ் பிடிஎவ்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஐபோனில் படங்களை "பைல்ஸ்" செயலியில் சேமித்துத் தெரிவுசெய்தால் "கிரியேற் பிடிஎவ்" என்று வரும். பல பக்கங்களையும் ஒரே கோப்பாக்கலாம். இவற்றுக்கு எந்த இணையத்தளமும் தேவையில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் "டொக்கியுமென்ற்" ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி எழுத்துத் தெளிவு குறையும். கடையில் கொடுத்துச் செய்வித்தால், அங்குள்ள கணினியிலிருந்து கோப்பை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

எவற்றை முதலில் படமாக்குவது? பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கூற்றுகள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் போகிறது, தொழில் தருநர் 12 வீதம் சேர்க்க வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைக் கேட்கும்போது, பணம் கட்டப்படாத மாதங்களைச் சுட்டிக்காட்ட அந்தச் சம்பளச் சீட்டுத்தான் ஆதாரம். பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்ற இடத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தால், இப்போதே கண்டுபிடித்துத் திருத்துவது நல்லது. படம் எடுத்தாயிற்று என்று மூலப் பத்திரத்தை எறிந்துவிடக் கூடாது. அலுவலகம் மூலத்தைக் கேட்கும் நாள் வரும்.

அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்திரத்தோடு நேரில் வந்து நிற்கும் தொழிலாளியை, பிடிஎவ் இல்லை என்று திருப்பி அனுப்புவது நியாயமில்லை. ஒரு நாள் கூலியை இழந்துதான் அவர் வந்திருக்கிறார். படமாக்கும் இயந்திரம் அலுவலக மேசையில் இருக்கும்போது, அந்த வேலையைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது ஏன்? நேரில் கொண்டுவரும் பத்திரங்களை அங்கேயே படமாக்கி, பெற்றுக்கொண்டதற்குப் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

கிளைகளிடம் நாம் கேட்பதும் சிறிய காரியம்தான். ஒவ்வொரு கிளையிலும் போன் பழக்கமுள்ள இளையவர் இருவரைத் தெரிவு செய்யுங்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் அவர்கள் அமர்ந்து, உறுப்பினர்களின் பத்திரங்களை அவரவர் போனிலேயே, அவரவர் கண் முன்னாலேயே பிடிஎவ் ஆக்கிக் கொடுக்கட்டும். பத்திரம் இல்லாமல் பாட்டன்மார் நாடிழந்து நின்றார்கள். பேரப்பிள்ளைகளிடம் பத்திரமும் இருக்க வேண்டும், அதன் பிரதியும் அவர்களின் கையிலேயே இருக்க வேண்டும்.