பதினைந்தோடு நின்றுபோன சட்டம்

2009 இறுதியில் வெளியான 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' வீடியோ கேமில் ஒரு கட்டம் வரும். பயங்கரவாதிகளோடு ரஷ்ய விமான நிலையத்துக்குள் நுழையும் ஆட்டக்காரர், கையில் ஆயுதமில்லாத பயணிகளைத் தானும் சுட்டுத்தள்ளலாம். பிரிட்டனில் இதற்கு 18 வயதுச் சான்று. கண்டிப்புக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவிலோ அன்று 15 வயதுப் பையனே கடையில் சட்டப்படி வாங்க முடிந்தது.

வயது வந்தோருக்கு மட்டுமான பிரிவு அங்கே திரைப்படங்களுக்கு 1970-களிலேயே வந்துவிட்டது. 1990-களின் நடுவில் கேம்களைத் தரம்பிரித்தபோது அதை மட்டும் சேர்க்கவில்லை. உச்சமே 15+தான், அதையும் மீறினால் விற்பனைக்கே அனுமதியில்லை. பார்ப்பதைவிடத் தானே சுடுவது மனதை அதிகம் கெடுக்கும் என்பது அன்றைய வாதம். ஆனால் 2000-களின் இறுதியில் அந்நாட்டு கேம் பிரியர்களின் சராசரி வயது சுமார் முப்பது என்றது பாண்ட் பல்கலைக்கழக ஆய்வு. வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள்!

வயது வந்தோருக்கான கேம் வந்தால் தரம்பிரிக்கும் வாரியத்துக்கு இருந்தவை இரண்டே வழிகள்: தடை, அல்லது 15+. உலகமே ஆடும் பெரிய கேம்கள் பலவும் இரண்டாவது வழியில் நழுவி வந்தன. தடைபட்டவையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு திரும்பின. 2008-இல் 'ஃபால்அவுட் 3' சிக்கியது மார்ஃபின் என்ற நிஜ போதைமருந்துக்காக. பெயரை 'மெட்-எக்ஸ்' என்று மாற்றியதும் அனுமதி கிடைத்தது. தலைகள் சிதறுவது அப்படியே இருந்தது.

சட்டத்தைத் திருத்த மாநில அட்டர்னி ஜெனரல்கள் அனைவரும் ஒப்ப வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மைக்கேல் அட்கின்சன் பல ஆண்டுகள் மறுத்தார். சான்று ஒட்டினாலும் வீட்டுக்குள் வந்த கேம் பிள்ளைகள் கைக்குப் போகத்தான் செய்யும் என்றார். நியாயமான கவலைதான். ஆனால் அவர் காத்த சட்டமோ அந்தப் பிள்ளைகளுக்குக் கடையிலேயே கதவைத் திறந்துவைத்திருந்தது.

அரசு கருத்துக் கேட்டபோது 58,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 98 சதவீதம் 18+ பிரிவை ஆதரித்தன. கேம் கடைகளே முன்நின்று கையெழுத்து வாங்கிய கணக்கு அது. அதை நாட்டின் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அட்கின்சன் 2010-இல் பதவி விலகியதும்தான் முடிச்சு அவிழத் தொடங்கியது. 2013 ஜனவரி 1 முதல் கேம்களுக்கும் 18+ அமலானது. 2011-இல் தடைபட்ட 'மார்ட்டல் காம்பாட்' 2013-லேயே முறையாக வெளிவந்தது.

எல்லாவற்றுக்கும் வாசல் திறந்துவிடும் என்று பயந்தார்கள். அப்படியும் ஆகவில்லை. அதே ஆண்டு ஜூனில் 'செயின்ட்ஸ் ரோ 4' தடைபட்டது. பாலியல் வன்முறைச் சாயலும், போதைப்பொருளுக்குப் பரிசுபோல் கிடைக்கும் சக்திகளும் காரணங்கள். நிறுவனம் வெட்டித் திருத்திக் கடைசியில் அனுமதி பெற்றது. எந்தப் பிரிவில் என்கிறீர்கள்? 15+.