பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் சட்டம் இல்லையா?



"விளையாட்டுப் புத்தி இன்னும் போகலையா?" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் நம்மில் யாரும் இல்லை. அந்த விளையாட்டுப் புத்தியைப் பார்த்தே ஒருவர் பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் பெயர் பியாஜே, சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர். பி.எட். பயிற்சிக்கு வந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் கையில் கோலிக்குண்டோடு சின்னப் பையன்களிடம் போவாராம். ஆட்டம் மறந்துபோச்சு, சொல்லிக்கொடு என்பாராம். கூடவே விளையாடிக்கொண்டே, இந்தச் சட்டத்தை மாத்தலாமா என்று கேட்பாராம். சின்னப் பிள்ளைகள், கூடவே கூடாது, அது பெரியவங்க போட்டது என்பார்கள். பத்துப் பதினோரு வயசுப் பிள்ளைகளோ, எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்தலாம் என்பார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் விளையாடித்தான் பிள்ளைகளுக்கு நியாயம் புரிகிறது என்று 1932-ல் எழுதினார்.

இதுவரைக்கும் சரி. ஆனால் பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் இவ்வளவு சட்டம் இல்லை, சட்ட உணர்வே அவர்களுக்குக் குறைவு என்றும் அதே புத்தகத்தில் எழுதிவிட்டார். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் நம்ம ஊர் அஞ்சாங்கல்லைப் பார்க்கவில்லை. ஒரு கல்லை எடுக்கும்போது பக்கத்துக் கல் அலுங்கினா அவுட். அலுங்கிச்சா இல்லையா என்று கோர்ட் மாதிரி வழக்கு நடக்கும். நம்ம மலையில் பந்து உருண்டால் பள்ளத்துக்குத்தான் போகும். அதனால் அடிச்சவங்களே இறங்கி எடுக்கணும் என்று நாங்களே சட்டம் போட்டோம். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தால், அவனையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்கிறோம். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. சட்டத்தை மாத்தலாமா என்று கேட்டாரே, அதற்கு இதைவிட நல்ல பதில் உண்டா? பையன்கள் கிரிக்கெட்டில் இப்படிச் சேர்ப்பார்களா? (யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

எங்கள் ஆட்டம் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் வேறு. அண்ணன்கள் பதினாறு வயசிலும் மைதானத்தில் இருக்கிறார்கள். நாங்கள் வயசுக்கு வந்த மறுமாசமே, "பெரிய பொண்ணு, என்ன குதியாட்டம்?" என்கிறார்கள். தண்ணி எடுக்கணும், மிளகு காய வைக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும். விளையாட்டு பீரியடில் பந்து நேராகப் பையன்கள் கைக்குப் போகிறது. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறோம்.

1989-ல் ஐ.நா. சபை கொண்டுவந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31-வது பிரிவு விளையாட்டும் உரிமை என்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி 18 வயது வரைக்கும் குழந்தைதான். வயசுக்கு வரும் வரைக்கும் என்று அதில் போடவில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: விளையாட்டு பீரியடில் எங்களுக்கென்று ஒரு பந்து வேண்டும். மைதானத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்பதைப் பையன்களோடு பேசி நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி