எந்தக் கதவைச் சாத்துவது?

இணைய எழுத்துக் குழுக்கள்தாம் எழுதுகிறவனைக் கெடுக்கின்றன, கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்தால் நாவல் தானாக வரும் என்கிறார் நண்பர். எந்தக் கதவை? திருவொற்றியூரில் ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறையில் கதவைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் எண்ணூர் சாலையின் கன்டெய்னர் லாரி இரைச்சல். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குத் தனியறை செல்போனுக்குள்தான். 'மிச்சக் கதை எங்கேப்பா?' என்று அங்கே நாலு பேர் கேட்பதால்தான் அடுத்த அத்தியாயமே பிறக்கிறது.

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களையும் இணையத்தில்தான் தொடராக எழுதினார், வாசகர் கடிதங்களுக்கு நடுவே. எல்லாரும் ஜெயமோகனா என்பீர்கள். இல்லைதான். ஆனால் கூட்டம் கையைக் கட்டிப்போடும் என்ற விதி அங்கே உடைந்துவிட்டதே!

நண்பர் சி.சு. செல்லப்பாவைச் சாட்சிக்கு இழுக்கிறார். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, பிறர் படைப்புகளைச் சுமந்தே செல்லப்பா ஓய்ந்தாராம். அவருடைய சொந்தக் குறுநாவல் 'வாடிவாசல்' வந்ததும் அதே 1959-இல்தான். அதை நண்பர் ஏனோ விட்டுவிட்டார். கைக்காசு கரைந்தது உண்மை. அது சந்தா கட்டாதவர்களின் குற்றம்.

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். எதைப் போட்டாலும் 'அருமை தோழர்' என்று கைதட்டும் குழுக்கள் வெட்டிதான். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கதையை அப்படிப் பார்க்கிறவர்களும் குழுவில் உண்டு. என் கதையில் ஏலக்காரர் பேசுவது பொய்ப் பேச்சு என்று ராயபுரத்துக்காரர் ஒருவர் நள்ளிரவில் குரல்பதிவு அனுப்பினார். அந்தப் பக்கத்தை மூன்று முறை மாற்றி எழுதினேன்.