தோட்டத்து மைதானம் யாருக்குச் சொந்தம்?

பலாங்கொடையிலிருந்து அப்புத்தளை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையிலே, பெலிஹுல்ஓயாவில், நமது மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் நிற்கிறது. சப்பிரகமுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1995ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் இலங்கை உதைபந்தாட்ட அணி கொழும்பிலே இந்தியாவை வென்று தென்னாசியத் தங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதன்பின் அக்கிண்ணம் இந்நாட்டுக்கு வரவேயில்லை. அது வேறு கதை. அதைப் பற்றி இங்கே அழுது பயனில்லை.

நாம் பேச விரும்புவது பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தைப் பற்றி. கூலிக்கு ஆடும் கூட்டமன்று அது. விரிவுரை முடிந்தபின் காலணி கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வரும் மாணவர் கூட்டம். பல்கலைக்கழக அனுமதிமுறை நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை ஓரிடத்திற் கொணர்ந்து சேர்ப்பதால், அம்பாந்தோட்டைச் சிங்கள இளைஞனும், மன்னார்த் தமிழ் இளைஞனும், அக்கரைப்பற்று முஸ்லிம் இளைஞனும் ஒரே நிறச் சட்டை அணிந்து நிற்கும் நிலை உண்டாகிறது. அரசகரும மொழிச் சட்டங்கள் பல தசாப்தங்களாகச் செய்ய முடியாததை மைதானம் தொண்ணூறு நிமிடங்களிலே செய்துவிடுகிறது. "பாஸ்", "கோனர்", "கோல்" என்று கூவுவதற்குச் சிங்களமும் வேண்டியதில்லை, தமிழும் வேண்டியதில்லை. பந்து எவன் காலில் இருக்கிறதோ அவன் பெயரை எல்லோரும் அறிந்தே ஆகவேண்டும்.

இதனால் இனப்பகை தீர்ந்துவிடும் என்று நாம் கதை அளக்க வரவில்லை. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் மோதிக்கொண்டதை நாடு அறியும். 2014இல் பெலிஹுல்ஓயாவிலேயே தமிழ் மாணவர் ஒருவர் தாக்கப்பட்டதும், ஏனைய தமிழ் மாணவர் அஞ்சியதும் பத்திரிகைகளில் வந்த செய்திகளே. விடுதியிலே பிரிந்து கிடப்போர் மைதானத்திலே மட்டும் அண்ணன் தம்பியாகிவிடார். ஆயினும், தன் அணியிலே பின்காவல் நிற்பவனை இருட்டிலே அடிக்கக் கை எழுவது கடினம். அந்த அளவு நன்மையையும் நாம் இழக்க வேண்டியதில்லை.

நம்மை வருத்துவது வேறொன்று. அந்த மைதானத்திலே வடக்கும் கிழக்கும் தெற்கும் ஆடுகின்றன. பக்கத்து மலையில் வாழ்பவன் எங்கே? இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய ஊர்த் தோட்டங்களின் லயத்துப் பிள்ளை எங்கே?

சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வழியும், 55 மாவட்டச் சனத்தொகை வழியும், 5 பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறிலே இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. சரி, இரத்தினபுரிக்குக் கிடைத்த சலுகை யாரைச் சென்றடைகிறது? மாவட்டத்துக்குள்ளே பின்தங்கியவன் எவன் என்று இந்த விதி கேட்பதேயில்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த நகரப் பாடசாலை மாணவனும், விஞ்ஞான ஆசிரியர் முகமே காணாத தோட்டப் பாடசாலை மாணவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். இருவருக்கும் ஒரே இசட் புள்ளி! ஓட்டப்பந்தயத்தில் ஒருவனை ஐம்பது யார் பின்னே நிறுத்திவிட்டு, மணியோசை இருவருக்கும் ஒன்றுதானே என்று சொல்லும் நீதி இது.

வரலாற்றையும் மறந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முழு வழி பிறந்தது. அதாவது, பெலிஹுல்ஓயாவில் பல்கலைக்கழகம் தோன்றி எட்டு ஆண்டுகள் கழிந்தும், அதைச் சூழ்ந்த தோட்டங்களில் நாடற்றோர் இருந்தனர். இடையிலே 1977, 1981, 1983. அவ்வாண்டுகளின் தீயிலே சப்பிரகமுவைத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர் பலர். இன்று கிளிநொச்சியிலிருந்து பெலிஹுல்ஓயாவுக்கு வந்து பந்தாடும் ஓர் இளைஞனின் பாட்டன் இறக்குவானையிலே கொழுந்து நிறுத்தவனாக இருத்தலும் கூடும். பாட்டனை விரட்டிய மாவட்டத்துக்குப் பேரன் மாணவனாகத் திரும்புகிறான். விரட்டப்படாமல் இங்கேயே தங்கியவனின் பேரனோ வேலிக்கு வெளியே நிற்கிறான்.

பாடசாலையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் மைதானத்தைப் பற்றிக் கேட்கிறோம். துரைமார் தமக்குக் கழகம் அமைத்தனர், புற்றரை அமைத்தனர், ரக்பியும் டென்னிஸும் ஆடினர். தொழிலாளியின் பிள்ளைக்கு வாய்த்தது பெரட்டுக்களமும், கொழுந்து மடுவத்தின் முன்றிலும், மழை பெய்தால் சேறாகும் சரிவுமே. மைதானம் என்று பெயர் பெற்ற நிலம் சில தோட்டங்களில் இருப்பினும், அது தோட்ட நிருவாகத்தின் தயவிலே கிடக்கிறது. இன்று ஆடலாம், நாளை அங்கே கன்று நடப்படலாம்.

இங்கேதான் சட்டம் நமக்குத் துணை வருகிறது. தோட்டக் காணியின் உரிமை கம்பனிகளுடையதன்று. 1992இல் தனியார் நிருவாகத்துக்குச் சென்றபோதும் நிலவுரிமை அரசிடமே நின்றது. கம்பனிகள் குத்தகைக்காரர் மட்டுமே. வீடு கட்டத் தொழிலாளிக்கு 7 பேர்ச் காணியை அரசு விடுவித்திருக்கிறது. ஓர் உதைபந்தாட்ட மைதானத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் போதும். வீட்டுக்கு விடுவிக்க முடிந்த அரசுக்கு விளையாட்டுக்கு விடுவிக்க முடியாதென்று எந்தச் சட்டம் கூறுகிறது?

பணத்துக்கும் தடை சொல்ல இயலாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவிடலாகாது என்று நெடுங்காலம் கைவிரித்து வந்தனர். தோட்டத் தொழிலாளியின் வாக்கு வேண்டும், அவன் லயத்துக்கு வழிவிளக்கு வேண்டாம்! அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. வழி திறந்திருக்கிறது. 2025 மே மாதம் தேர்தல் நடந்து சபைகளும் அமைந்துவிட்டன. ஆயினும் திருத்தத்தை வாசித்த உறுப்பினர் எத்தனை பேர் என்று அறிய ஆவலாயிருக்கிறோம்.

ஆகவே, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பிரதேச சபைகளிலே நம் மக்களின் வாக்கால் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலே தம் வட்டாரத்தில் ஒரு தோட்ட மைதானத்துக்கேனும் பணம் ஒதுக்கும் பிரேரணையைக் கொண்டுவர வேண்டும். அந்நிலத்தைக் குத்தகையிலிருந்து பிரித்துச் சபையின் பெயரிலோ பாடசாலையின் பெயரிலோ எழுதும்படி பெருந்தோட்ட அமைச்சையும் வற்புறுத்த வேண்டும். வாய்மொழி அனுமதியை ஏற்கலாகாது; பத்திரமே வேண்டும்.

பெலிஹுல்ஓயா மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். உடற்கல்வியைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் பல்கலைக்கழகம் உங்களுடையது. விடுமுறைக்கு ஊர் திரும்புமுன் இரண்டு நாள் தோட்டத்துக்கு வாருங்கள். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே வாருங்கள். அந்தச் சரிவிலே நம் பிள்ளைகளோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். வரும்போது பந்தொன்றும் கொண்டு வாருங்கள். தோட்டத்திலே இருப்பது பெரும்பாலும் காற்றிறங்கிய பந்துதான்.